சேற்றுப்புண் என்று நான்தான் சொன்னேன்

மாரியம்மனை நம்புகிற எல்லாருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். வேகமாக டைப் செய்கிறேன், நிறுத்தினால் அழுதுவிடுவேன். போன ஐப்பசியில் என் அப்பாவின் கால் போகிற நிலைமைக்கு வந்தது. காரணம் நான்.

நான் பி.எஸ்சி. நர்சிங். ஒரத்தநாடு பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. எல்லாம் தெரியும் என்கிற கெத்து வேறு. அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. சம்பா நடவு முடிந்த வாரம் அங்கேயே வந்து நின்றார்.

"நர்ஸம்மா, கால்ல ஒரு புண்ணு. ஊசி கீசின்னு பயமுறுத்தாதீங்க" என்றார் கிண்டலாக.

"வலிக்குதாப்பா?"

"வலியே இல்லம்மா."

"அப்புறம் என்ன? சேத்துப்புண்ணுதான். சீன் போடாம களிம்பத் தடவிக்க."

நடவு நாளில் எங்கள் பக்கம் யார் காலை நீட்டினாலும் அதுதான் பெயர். சேற்றில் நின்று நின்று விரலிடுக்கு வெந்துபோவது. எல்லாருக்கும் ஒரே களிம்பு. காலைக் கழுவிப் பார்க்கிற பழக்கம் எங்களில் யாருக்குமே இல்லை. நான் குனியக்கூட இல்லை.

ஆறாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. "புண்ணுல நாத்தம் வருதுடி, வந்து பாரு" என்று அம்மா கத்தினாள். கழுவினேன். உள்ளங்காலில் நத்தை ஓடு ஒன்று ஆழமாகக் குத்தியிருந்தது. சுற்றிலும் கருப்பு. அதோடுதான் இத்தனை நாள் நடந்திருக்கிறார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"இத மொதல்ல யாரு பாத்தது?" என்றார் டாக்டர்.

"நான்தான் சார். ஸ்டாஃப் நர்ஸ்."

"சர்க்கரைக்காரருக்கு வலிக்கலன்னா உணர்ச்சி போயிருச்சுன்னு அர்த்தம். அங்கதாம்மா நீ பயந்திருக்கணும்."

பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம் அது. முழங்காலுக்குக் கீழே எடுக்க நேரலாம் என்று கையெழுத்து வாங்கினார்கள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், போனில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாக வேண்டத் தெரியவில்லை. "தாயே, திமிரு என்னுது. அவர் கால எடுத்துறாத." இதையே திரும்பத் திரும்ப.

டாக்டர் வெளியே வந்தார். "ரத்த ஓட்டம் நல்லா இருக்கும்மா. கால் தப்பிச்சுது. ரெண்டு வெரல்தான் போச்சு."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கேட்டுவிட்டாள். ஆனால் என் திமிருக்கு விரல் கொடுத்தது அப்பா.

"எட்டு வெரலு இருக்குல்ல, அழுவாத" என்றார். இனி சேற்றில் இறங்கக் கூடாது. வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. தினமும் காலையில் வரப்புவரை போய் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது சர்க்கரை என்று யார் வந்தாலும் காலைக் கழுவி, விரல் விரலாகப் பார்க்கிறேன். "கால எதுக்கு பாப்பா தொடுற, விடு" என்று கூச்சப்படுகிறார்கள். விடுவதில்லை. கூட வேலை பார்க்கிற அக்காக்களையும் விடுவதில்லை. "இவ ஒருத்தி, கால் பைத்தியம்" என்று திட்டிக்கொண்டே அவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

உங்களுக்கு ஒன்று என்றால் அவளைக் கூப்பிடுங்கள். என் உளறலையே கேட்டவள் உங்களைக் கைவிட மாட்டாள். வேண்டிக்கொண்ட கையோடு பக்கத்து சுகாதார நிலையத்துக்கும் நடந்துவிடுங்கள். அங்கேயும் அவள்தான் யாரையாவது உட்கார வைத்திருப்பாள்.