தேவநாதனுக்கு வைத்த தண்ணீர்

ஊரே அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடும். கொளஞ்சிநாதன் என்ற பெயர் ரேஷன் கார்டில் இருந்ததோடு சரி. விருத்தாசலம் ஜங்ஷன் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டால், பர்மா எல்லையில் ஜப்பான்காரனை மடக்கிய தங்கள் காலாட்படை டிவிஷனைப் பற்றி மணிக்கணக்கில் அளப்பார். அத்தனையும் திரும்பி வந்தவர்கள் சொல்லக் கேட்டது. அந்த மனுஷன் சண்டையைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

நாற்பத்து நாலில் லீவு கிடைத்தது தேவநாதனுக்கு. பெண்ணாடத்துக்காரன், இவர் கூடவே பட்டாளத்தில் சேர்ந்தவன். "எங்கம்மாவுக்கு இழுத்துக்கிட்டு இருக்குதுடா" என்று கொளஞ்சிநாதன் கூசாமல் புளுகினார். தேவநாதன் நம்பி, தன் லீவை விட்டுக்கொடுத்தான். ரயில் ஏறியவர் திரும்பவே இல்லை. சண்டை ஓயும்வரை திட்டக்குடியில் அத்தை வீட்டில் பதுங்கிக் கிடந்தார். அதற்குள் தேவநாதன் செத்துப்போன தந்தி பெண்ணாடத்துக்கு வந்துவிட்டது.

சண்டையிலிருந்து திரும்பியவர்போல் துக்கம் கேட்கப் போனபோது தேவநாதனின் தங்கை ராஜாம்பாள், அப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை, "எங்கண்ணன் எப்படிண்ணே செத்துச்சு?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"என் மடியிலதாம்மா. தண்ணி கேட்டான். குடுக்கறதுக்குள்ள போயிட்டான்."

அன்றிலிருந்து தேவநாதன் திதிக்கு வாசலில் ஒரு சொம்பு தண்ணீர் வைப்பாள் ராஜாம்பாள். முதல் இலை கொளஞ்சிநாதனுக்கு. அந்தச் சொம்பைத் தாண்டித்தான் சாப்பிடப் போவார். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில், சண்டை முடிந்து அறுபது வருஷம் ஆனதற்காக, முன்னாள் படைவீரர் சங்கத்தார் சண்டைக்குப் போனவர்கள் பெயரெழுதிய ஒரு பீங்கான் பலகைக்குச் சொல்லியிருந்தார்கள். சூளைக்குப் போகுமுன் பெயர்களைச் சரிபார்க்க, எழுத்து வரையும் வாசுகி கொளஞ்சிநாதனையும் ராஜாம்பாளையும் பட்டறைக்கு வரச்சொன்னாள். சூளையில் வெந்துவிட்டால் எழுத்தை யாராலும் அழிக்க முடியாது. அதுவரை ஈர ஸ்பாஞ்சு போதும்.

தேவநாதன் பெயருக்குக் கீழேயே நீல எழுத்தில் தன் பெயர். பார்த்ததும் கொளஞ்சிநாதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த வயதில் இப்படி ஒரு வெட்கக்கேடு.

"என் பேர அழிச்சிடும்மா."

"ஏங்க ஐயா, எழுத்து தப்பா இருக்குதுங்களா?"

"எழுத்து சரிதான். ஆளுதான் சரியில்ல."

ராஜாம்பாள் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னார். லீவு, அம்மா சாகக் கிடந்த பொய், திட்டக்குடி. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப, தண்ணி கேட்டுச்சுன்னு சொன்னீங்களேண்ணே?"

"அதுவும் பொய்தான் ராஜாம்பா."

அவள் வாசுகியிடம் ஸ்பாஞ்சை வாங்கி அவரிடம் நீட்டினாள். "நீங்களே அழிச்சிடுங்க."

தன் பெயரைத் துடைத்தார். விரலெல்லாம் நீலம்.

"இனிமே அந்தச் சொம்ப வெக்காதம்மா," என்றார்.

"வெப்பேன். தண்ணி கேக்கலன்னு மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அங்க இல்லியே."