மதகுக்காரரின் மூன்று சம்பந்திகள்

எங்கள் கிர்கிஸ் மலைப் பள்ளத்தாக்கில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார்கள். எசென்குல் வீட்டுக்கு வந்தவர்கள் மட்டும் அவர் கையைப் பார்த்தார்கள். நீர்த்தேக்கத்தின் மதகுச் சக்கரம் அந்தக் கையில்தான் இருந்தது. வருடத்துக்கு இவ்வளவு தண்ணீர் என்று நகரத்து அலுவலகம் சொல்லிவிடும். என்றைக்கு எவ்வளவு திறப்பது என்பது அவர் பாடு.

அவருடைய மூன்று பெண்களில் மூத்தவளைக் கீழே வெங்காயம் போடும் கெரிம்பய் தன் மகனுக்குக் கட்டிக்கொண்டார். நடுவுள்ளவள் தேக்கத்தில் கூண்டு கட்டி மீன் வளர்க்கும் தொக்தோசுன் வீட்டுக்குப் போனாள். மின்நிலையத்து ரிஸ்பெக் மட்டும் சும்மா இருப்பாரா? கடைசிப் பெண் அங்கே போனாள். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் மூன்று கல்யாணத்திலும் நான் மூக்கு முட்டச் சாப்பிட்டேன். எசென்குலோ தலைகால் புரியாமல் ஆடினார். மனுஷனுக்கு அப்போது புத்தி எங்கே போயிருந்ததோ!

மலையில் பனி குறைந்த வருஷம் ஒன்று வந்தது. வெங்காயத்துக்கு உடனே தண்ணீர் வேண்டும். மீனுக்கு மட்டம் இறங்கக் கூடாது. மின்சாரத்துக்கோ குளிர்காலம் வரை சேர்த்து வைக்க வேண்டும். எங்கள் ஊரில் சம்பந்தி கேட்டதை இல்லை என்று சொல்லும் வழக்கமே கிடையாது. சொன்னால், அங்கே வாழப்போன பெண்தான் இடிசொல் கேட்க வேண்டும். ஒருவருக்குத் திறந்தால் இரண்டு மகள்கள் அழுவார்கள். எசென்குலுக்குத் தூக்கம் போனது.

பேசித் தீர்க்கலாம் என்று மூவரையும் ஒரே நாளில் விருந்துக்குக் கூப்பிட்டு ஓர் ஆட்டை அறுத்தார். அங்கேதான் சறுக்கினார். சம்பந்திக்கு இடுப்பெலும்பு வைப்பதுதான் மரியாதை. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார். ஆட்டுக்கு இடுப்பெலும்பு இரண்டுதானே!

தொக்தோசுன் தன் தட்டில் கிடந்த விலா எலும்பைப் பார்த்தார்.

"நான் சம்பந்தியா, இல்ல அடுப்புக்கு விறகு கொண்டாந்தவனா?"

"கொஞ்சம் உக்காருங்க, சம்பந்தி..."

"உக்காரவா? இந்த விலாவை வீட்டுல கொண்டுபோய்க் காட்டச் சொல்றீங்களா?"

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். எசென்குல் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனைவி சய்கல் கரண்டியோடு உள்ளேயிருந்து வந்தார்.

"ஆடு ஒண்ணு. அதுக்கு இடுப்பெலும்பு ரெண்டு. மூணாவதுக்கு யாரை அறுக்க? இந்த மனுஷனையா?"

கெரிம்பய் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பங்கிலிருந்து கறியை அறுத்துத் தொக்தோசுன் தட்டில் வைத்தார். ரிஸ்பெக் அதைவிடச் சின்னதாக அறுத்தார். கெரிம்பய் முறைத்ததும் இன்னொரு துண்டு வைத்தார். தொக்தோசுன் உட்கார்ந்தார்.

எசென்குலுக்கு அப்போதுதான் வாய் வந்தது.

"தேக்கமும் ஒண்ணுதான், சம்பந்தி. வெங்காயத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறக்கறேன். மீன் கூண்டு தரை தட்டுற மாதிரி இருந்தா அன்னிக்கே மூடிருவேன். மிச்சமெல்லாம் குளிர்காலத்துக்கு."

"என் வெங்காயம் கோலிக்குண்டு சைஸுலதான் வரும்," என்றார் கெரிம்பய்.

"என் மீனுக்கு மூச்சு முட்டும்," என்றார் தொக்தோசுன்.

"குளிர்ல மெழுகுவத்தி தேடுறப்ப என்கிட்ட வராதீங்க," என்றார் ரிஸ்பெக்.

மூவருக்கும் ஒரே அளவு மனக்குறை. இதைவிட நியாயமான பங்கீட்டை நான் பார்த்ததில்லை.

மறுநாள் மதகடியில் நானும் நின்றிருந்தேன். நடு மகள் அய்பீகே போன் செய்தாள்.

"அப்பா, மாமா நேத்துலேருந்து உங்களைத் திட்டிக்கிட்டே இருக்கார்."

"உன்னை ஏதாவது சொன்னாரா?"

"என்னையா? கொண்டாந்த கறியில எனக்கும் ஒரு துண்டு குடுத்துட்டுத்தாம்பா திட்டுறார்."

எசென்குல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மதகைத் திறந்தார். அன்றைக்கு வெங்காயத்தின் முறை.