தொகைக்குப் பென்சில், கையெழுத்துக்குப் பேனா

கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு பார்மசி கல்லூரியில் மகளைச் சேர்க்கப் போனபோது, கல்விக்கடன் கவுண்ட்டரில் கல்லூரி ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. பேங்குக்குப் போகிற செலவுப் பட்டியலை அவர்தான் நிரப்புவார். தொகையை எல்லாம் பென்சிலில் எழுதுவார். நம் கையெழுத்தை மட்டும் பேனாவில் கேட்பார். மாங்காய் மண்டியில் எத்தனையோ தில்லுமுல்லு பார்த்தவன் நான். இவ்வளவு வெள்ளைச் சட்டையில் பார்த்ததில்லை.

பட்டியலில் ஹாஸ்டல் கட்டணமும் இருந்தது.

“பொண்ணு நாகரசம்பட்டியிலிருந்து தினம் பஸ்ல வந்துடும்ங்க. ஹாஸ்டல் எதுக்கு?” என்றேன்.

“இருக்கட்டும் சார், லோன்தானே? படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒத்த ரூபா கட்ட வேணாம்.”

“அதுவரைக்கும் வட்டி ஏறுமா, ஏறாதா?”

“அதெல்லாம் பொண்ணு வேலைக்குப் போய்ப் பாத்துக்கும் சார்.”

நான் அவருடைய பென்சிலையே எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். முதல் தடவையாக அந்தச் சிரிப்பு காணாமல் போனது.

“ஐயோ, பேனாவுல போடுங்க சார்! பென்சில்னா பின்னால யார் வேணா அழிச்சு மாத்திடலாமே!”

அன்றைக்கு அந்த ஆள் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.