டிஸ்கோ சேகர் பேர் கூப்பிட்ட சாயங்காலம்

டிஸ்கோ சேகர் போய்விட்டார்.

காலையில் ஈப்போவிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம். "அத்தை, அப்பா உங்க பாட்டுக் கதையத்தான் எப்பவும் சொல்லிக்கிட்டு இருப்பாரு" என்றாள்.

இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கும் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளில் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

வார நாளில் தேயிலை ஃபேக்டரியில் வேலை. சனி ஞாயிறு என்றால் எங்கள் இசைக்குழுவின் ஹீரோ. நான் அதே குழுவில் லேடீஸ் வாய்ஸ்.

வெள்ளை ஷூ, பளபளக்கும் சட்டை. மலைக் குளிரில் பல் கிடுகிடுக்கும், ஆனாலும் ஸ்வெட்டர் போடமாட்டார். "ஸ்வெட்டர் போட்டா ஸ்டைல் போயிடும் லா!"

அவருடைய ஸ்பெஷல் பேச்சுப் பாட்டு. ராகம் கிடையாது, தாளத்தோடு வேகமாகப் பேசுவது. ராப் என்ற வார்த்தையை அப்போது நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

"தானா ராத்தா போலாம் வா, ஐஸ்கச்சாங் திங்கலாம் வா..." இதுதான் ஹிட். அந்தக் குளிரில், துருவிய ஐஸில் சிரப் ஊற்றிய ஐஸ்கச்சாங்! பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் கல்யாண வீடுகளில் இதைத்தான் கேட்பார்கள்.

அப்புறம்தான் ஒரு கேசட் வந்தது. சிங்கப்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டும் கூட்டாளி கொண்டுவந்து கொடுத்தான். அமெரிக்காவில் கறுப்பினப் பையன்கள் பாடியது.

ஒரு வரிகூட அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஆனால் அவர் அதையே போட்டுப் போட்டுக் கேட்டார்.

"இவன் கோவமா இருக்கான் மல்லி. ஆனா அழுவல, கெஞ்சல, பாத்தியா? நாம மட்டும் ஏன் எப்பப் பாத்தாலும் இனிச்சிக்கிட்டே கெடக்கோம்?"

அதோடு ஐஸ்கச்சாங் போயிற்று. ப்ராக்டிஸில் கீபோர்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, கோவில் உறுமிக்காரரைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். குரலும் மாறிவிட்டது... கரகரவென்று, முகத்துக்கு நேராக நின்று பேசுகிற மாதிரி.

குழுவை நடத்திய மாஸ்டருக்கு வந்ததே கோபம். "கல்யாண வீட்டுல எவன்டா இதக் கேப்பான்? எல்லார் பொழப்புலயும் மண்ணப் போடாத. கோவில் திருவிழாவுல ஒரு தடவ பாடு. ஊத்திக்கிச்சுன்னா அதோட நீ இந்தக் குழுவுல இல்ல."

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா பெயர் அஞ்சலை. சின்ன வயதிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை. மழையில் சரிவில் விழுந்து இடுப்பில் அடிபட்டதும், இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

விடிந்தும் விடியாமல் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கங்காணி பெயர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றால் நன்றாகக் கேட்கும்.

அம்மா தினமும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பாள். "அங்கம்மா!" "இருக்கேன்!" அடுத்து அம்மா பெயர் வரவேண்டும். கங்காணி நேராக "இருளாயி!" என்று போய்விடுவார்.

அம்மா உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து அந்த வழியாகத்தான் சேகர் அண்ணன் வீட்டுக்குப் போவார்... அம்மா நிற்பதை அவரும் பார்த்திருக்கிறார்.

மாரியம்மன் திருவிழா. சாயங்காலம். தோட்டமே மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது, கங்காணி முதல் வரிசையில்.

சேகர் அண்ணன் பழைய ஸ்வெட்டரோடு மேடை ஏறினார். வெள்ளை ஷூ இல்லை, ஃபேக்டரிக்குப் போட்டுப்போகும் பூட்ஸ். "ஐஸ்கச்சாங் பாடு லா!" என்று பையன்கள் கத்தினார்கள். மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

உறுமி எழுந்தது. அண்ணன் கங்காணியின் குரலிலேயே ஆரம்பித்தார். "பனியில நில்லு, வரிசையில நில்லு, பேரச் சொன்னா பதிலச் சொல்லு... அங்கம்மா!"

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அங்கம்மா அத்தை, பழக்கதோஷம், "இருக்கேன்!" என்று எழுந்தே நின்றுவிட்டது. தோட்டமே சிரித்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டது.

அண்ணன் சிரிக்கவில்லை. உறுமியைக் கையால் அமர்த்தினார்.

"அஞ்சலை!"

சிரிப்பு நின்றுபோனது. எல்லோருக்கும் தெரியும், அந்தப் பெயர் பெரட்டில் வருவதில்லை என்று. நான் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தேன்.

அம்மா குனிந்திருந்தாள். அண்ணன் விடவில்லை. இன்னும் சத்தமாக, "அஞ்சலை!"

"இருக்கேன்."

மெதுவாகத்தான் சொன்னாள். உறுமி அதைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் இருளாயி, அதற்கு அடுத்தவர்... ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் முழுக்கச் சேர்ந்து "இருக்கேன்!" என்று கத்தியது. கடைசியில் கங்காணி பெயரையும் கூப்பிட்டார். அவரும் சொன்னார், வேறு வழி?

மறுநாள் பெரட்டில் பெண்கள் அதே தாளத்தில் பதில் சொல்லி அவரிடம் திட்டு வாங்கியது தனிக் கதை.

அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கல்யாண வீடுகள் எங்களைக் கூப்பிடுவதும் குறைந்தது. மாஸ்டர் புலம்பிக்கொண்டே இருந்தார், ஆனால் அண்ணனை மட்டும் அனுப்பவில்லை.

அம்மா அதற்குப் பிறகு விடியற்காலையில் வாசலில் போய் நிற்கவில்லை. "மைக்குல நம்ம பேரு நல்லாத்தான் கேக்குது" என்றாள் ஒருநாள், தானாகவே.

அம்மா அப்படிச் சொன்ன அன்று அண்ணனிடம் நன்றி சொல்லப் போனேன். "போ மல்லி, தாளத்துக்கு ஒரு பேரு கொறஞ்சிச்சு, அதான் போட்டேன்" என்றார். பொய். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தத் திருவிழாவில் மேடைக்கு முன்னால் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கீழே 'இருக்கேன்' என்று போடுங்கள். அவர் மகளுக்குக் காட்ட வேண்டும்.

ரொம்ப நன்றி அண்ணே... போய் வாங்க.

அம்மா முன்னாடியே அங்கே போயிட்டாங்க. அங்கம்மாவுக்கு அடுத்து ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க. பதில் வரும்.