மாலை போட்ட லேப்டாப்

சாமிக்குப் போட்ட மாலையை ஹன்னா பிய்த்து எறிந்தாள் என்று சித்தூர் பேக்டரியில் இன்றைக்கும் பேசுகிறார்கள். ஜீப் டிரைவர் வீராசாமிக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். மாலையைக் கழற்றியவன் அவன்தானே.

ஹன்னா மிஷன் கோயில் தெருக் கிறிஸ்தவப் பெண். மாம்பழக்கூழ் பேக்டரியில் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் கூழ் வாங்க வந்த புதிது. எந்தத் தோப்பில் என்ன மருந்து அடித்தார்கள் என்று காட்டினால்தான் பழத்தைத் தொடுவார்கள். பிச்சாட்டூர்த் தோப்புகளில் நெட்வொர்க் ஏது? ஹன்னா வீராசாமியின் ஜீப்பில் போய் விவரத்தை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வருவாள். ஆபீசில் வயரை மாட்டினால் புதிதாக இருப்பதெல்லாம் சர்வருக்குப் போய்விடும்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று பிச்சாட்டூர் விவரம் சர்வரில் பாதி ஏறும்போதே மேனேஜர் ஹரிபாபு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். சர்வருக்குச் சந்தனம், குங்குமம். லேப்டாப்பையும் வாங்கி அதன் முன்னால் வைத்து மாலை போட்டார். மறுநாள் மத்தியானம் மறுபூஜை ஆகும்வரை யாரும் தொடக்கூடாது.

மறுநாள் காலையில் போன் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஆள் திருப்பதி ஓட்டலிலிருந்து கிளம்பிவிட்டார். சர்வரில் இருப்பதைத்தான் பார்ப்பார். பிச்சாட்டூர் அதில் இல்லாவிட்டால் வரும் சீசனில் அந்தப் பக்கத்துப் பழம் ஒரு லாரிகூட உள்ளே வராது.

"வத்தம்மா, வேணாம். பூஜை முடியட்டும்" என்றார் ஹரிபாபு.

"அதுவரைக்கும் அந்தாளு குந்திகினு இருப்பானா சார்? சாமி கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"உங்க சாமி வேற."

"அதான் சார். உங்க சாமி என்மேல கோச்சிக்காது. நான் வேற கட்சி."

ஹரிபாபு சிரித்துவிட்டார். ஆனாலும் தலையாட்டவில்லை. வீராசாமி உள்ளே போய்க் கற்பூரம் ஏற்றினான். மாலையை இரண்டு கையாலும் எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டான். "மறுபூஜை ஆயிப்போச்சி சார். ஜீப்புக்கு வருஷா வருஷம் நான்தானே பண்றேன்."

ஹன்னா மெயினைப் போட்டு வயரை மாட்டினாள். சர்வரில் பாதியில் நின்றது ஒன்று, லேப்டாப்பில் இருப்பது ஒன்று; இரண்டில் எதை வைத்துக்கொள்ள என்று லேப்டாப் கேட்டது.

"ஆபீஸ்து பெரிசு, அத வையி" என்றார் ஹரிபாபு.

"அது பழசு சார். தோப்புக்குப் போய் வந்தது இதுதான்" என்று லேப்டாப்பில் இருந்ததையே தட்டினாள்.

கம்பெனி ஆளின் கார் கேட்டுக்குள் நுழையும்போது கடைசித் தோப்பும் ஏறியிருந்தது. சீசனில் பிச்சாட்டூர் லாரிகள் வரிசையாக வந்தன.

பிறகு ஹன்னாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் வீராசாமி. ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

"அண்ணா, புதுசா வர்ற பசங்க பாதியில வயர உருவிகினு ஓடுவானுங்க. முழுசா ஏறிச்சான்னு கேட்டுட்டு வண்டிய எடு. ஏறலன்னா எவனையும் ஊட்டுல கொண்டுபோய் உடாத."