கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

வெளிநாட்டில் இருக்கும் கணவனிடம் மனைவியை அனுப்பிவைக்கும் காகித வேலையில் எந்தக் கேள்வி தப்பினாலும் ஒரு கேள்வி தப்பாது: உங்கள் துணையைக் கடைசியாக நேரில் பார்த்தது எப்போது? நாள், இடம், அப்போது என்ன பேசினீர்கள் என்று எல்லாம் சொல்ல வேண்டும். பதினான்கு வருடமாக இதற்குப் பதில் சொல்ல அடுத்தவர்களைத் தயார் செய்தவன் நான். என்னுடைய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி கஸ்தூரியைக் கடைசியாக நான் உயிரோடு பார்த்தபோது அவள் அமெரிக்க அதிகாரியாக உட்கார்ந்திருந்தாள். இடம், பழங்காநத்தத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடை. ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. கொரோனா சமயத்தில் கல்லாவுக்கு முன்னால் தொங்கவிட்ட பிளாஸ்டிக் திரையை அவள் கழற்றவிடவே இல்லை. தூதரகத்து ஜன்னல் மாதிரி இருக்கிறது, இருக்கட்டும் என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம், திருமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வந்த பாண்டீஸ்வரி. அந்தப் பெண்ணுக்கு இன்னும் பன்னிரண்டு நாளில் மும்பையில் இரண்டாவது விசா நேர்காணல்; அதற்குத்தான் இந்த ஒத்திகை. நான் வேறொருவரின் பட்டச் சான்றிதழ் விஷயமாக நாகமலை புதுக்கோட்டைக்குக் கிளம்பினேன். கஸ்தூரி அதிகாரிக் குரலை மாற்றாமலே, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேட்டாள். இரண்டு மணிக்குள் என்றேன்.

"பொய் சொன்னா விசா கிடையாது."

நான் திரும்பியது மூன்றே கால் மணிக்கு. பஸ் இரைச்சலில் போன் அடித்தது கேட்கவில்லை. மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தவள், நெஞ்சு வலிக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

இனி அதற்கு முன்னால் நடந்தவை.

அதிகாரி வேலைக்கு அவள் வந்தது

நான் பத்தாவது வரைதான் படித்தவன். வெளிநாட்டுப் படிவங்களை அகராதி வைத்துக்கொண்டு நானாகவே படித்துப் பழகினேன். முதல் படிவத்தில் ஒரு பக்கம் நிரப்ப ஒரு பகல் ஆனது. படிவம் நிரப்பி நொந்துபோன உங்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

படிவம் பழகிவிட்டது. நேர்காணலுக்குத் தயார் செய்வதுதான் பழகவில்லை. நிஜமான கல்யாணம்தானா என்று பார்க்க அங்கே வீட்டு விஷயம் எல்லாம் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கோயில் அர்ச்சகர் வீட்டுப் பெண் ஒருத்தி தன் மாமியாரோடு வந்திருந்தாள். கட்டிலில் உன் கணவர் எந்தப் பக்கம் படுப்பார் என்று நான் பாடம் மாதிரி கேட்டேன். மாமியார் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கஸ்தூரி வாசல்வரை போய் அவர்களைச் சமாதானம் செய்து கூட்டிவந்தாள். பிறகு என் நாற்காலியைக் காட்டினாள்.

"இதையெல்லாம் நீங்க கேட்டா அடிதான் விழும். தள்ளுங்க."

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டாள். வருகிறவர்கள் போய்வந்து சொல்லும் கேள்விகளை அதில் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசியில் அது அறுபத்துமூன்று கேள்வி ஆனது.

வலது கை

பாண்டீஸ்வரியின் கணவன் கண்ணன் அமெரிக்காவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். நிரந்தரமாகத் தங்கும் கார்டு கிடைத்ததும் இருபத்தைந்து நாள் லீவில் வந்து கல்யாணம் முடித்தான். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்திருந்தது பத்தொன்பது நாள். அதன் பிறகு மனு போட்டு, மூன்று வருடம் காத்து, அழைப்பு வந்தது. அவள் எங்களிடம் வந்ததே அந்த அழைப்புத் தாளோடுதான்.

ஜன்னலில் போய் நின்றதும் முதலில் வலது கையைத் தூக்கி உண்மை சொல்வதாக உறுதி கொடுக்க வேண்டும். கஸ்தூரி திரைக்குப் பின்னால் இருந்து கையைத் தூக்கச் சொன்னாள். பாண்டீஸ்வரி தூக்கினாள், தூக்கியவள், எதன் மேல் சத்தியம் என்று சுற்றிலும் தேடினாள். எதன் மேலும் இல்லை, வெறுங்கைதான் என்று கஸ்தூரி சொன்னாள். பாண்டீஸ்வரிக்கு அது சரியாகப் படவில்லை.

"கற்பூரம் இல்லாம எப்பிடி மதினி நம்புவாங்க?"

ஆல்பத்தில் போன ஊர்

இது என் தவறு. முதல் நேர்காணலுக்குக் கல்யாண ஆல்பத்தைக் கையில் கொண்டுபோகச் சொன்னவன் நான். எத்தனை சொந்தக்காரர்கள் படத்தில் இருக்கிறார்கள், தாலி கட்டும் படம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். நம் ஊர் ஆல்பம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மண்டபத்தில் எடுத்த படத்தை வெட்டி, பொண்ணு மாப்பிள்ளையைப் பனிமலையிலும் பாரிஸ் கோபுரத்தடியிலும் நிறுத்தி வைப்பார்கள். நாம் அந்தக் கோபுரத்தைப் பார்ப்பதே இல்லை. சேலை கலர் நன்றாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்போம். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி கோபுரத்தைப் பார்த்தார். எப்போது பாரிஸ் போனீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார். போகவில்லை என்றாள். பிறகு எப்படிப் படம் வந்தது என்றார். பாஸ்போர்ட்டில் வேறு எந்த நாட்டு முத்திரையும் இல்லை. இது பொய்ப் படம் என்றால் மற்றப் படங்கள் எப்படி நிஜம்? கல்யாணத்துக்குக் கூடுதல் சான்று கேட்டு ஒரு தாளைக் கொடுத்து பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் பாஸ்போர்ட்டை அவர்களே வைத்துக்கொண்டால் நல்ல சேதி. கையில் கொடுத்தால் கெட்ட சேதி. திரும்பி வந்தவளிடம், நீ என்னதான் பதில் சொன்னாய் என்று கேட்டேன்.

"ஆல்பத்துலதான் சார் போனோம்னு உள்ளதச் சொன்னேன்ணே."

இருநூறு பக்கம்

கூடுதல் சான்று சரியாக இல்லாவிட்டால் மனுவை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். இன்னொரு மூன்று வருடம். கணவன் வீட்டில் அதற்குள் பேச்சு வேறு மாதிரி ஆகியிருந்தது. அவள் தன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

புருஷன் பெண்டாட்டி போனில் பேசிக்கொண்ட மெசேஜ்களை அச்சடித்துக் கொடுக்கலாம் என்று யோசித்தேன். போனை வாங்கிப் போட்டதில் இருநூறு பக்கத்துக்கு மேல் வந்தது. ஒரு பக்கத்தை எடுத்துப் படித்தேன். சாப்டியா. ம். நீங்க? சாப்டேன். அடுத்த நாள், சாப்டியா. இன்னும் இல்ல. ஏன்? மறுபடியும் சாப்டியா. மூன்று வருடமும் இதுதான். ஓர் அன்பான வார்த்தை, ஓர் ஆசை, எதுவும் கிடையாது. இதை எந்த அதிகாரி கல்யாணம் என்று நம்புவார் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். கஸ்தூரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்பது ஐம்பது பக்கம் புரட்டினாள். கட்டைத் தட்டி அடுக்கி என் பக்கம் தள்ளினாள்.

"பொய்க் கல்யாணம்னா ஒரு நாளாவது கவிதை எழுதியிருப்பான். இத அப்பிடியே வைங்க."

ஆட்டுக் கொட்டகை

வெட்டி ஒட்டாத அசல் படங்களைக் கேட்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் பழுதாகி எல்லாம் அழிந்துபோயிற்றாம். ஆல்பம் மட்டும்தான் மிச்சம். அதில்தான் பாரிஸ் இருக்கிறதே. பிளெக்ஸ் ஏதாவது வைத்தீர்களா என்று கஸ்தூரி கேட்டாள். மதுரைப் பக்கம் பிளெக்ஸ் வைக்காமல் எங்கே கல்யாணம் நடக்கிறது?

பாண்டீஸ்வரியோடு அவள் ஊருக்குப் போனோம். பிளெக்ஸ் பத்திரமாகத்தான் இருந்தது, ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாக. பன்னிரண்டு அடி நீளம். மூன்று வருட வெயிலில் கண்ணன் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் தேதி தெரிந்தது, மண்டபத்தின் பெயர் தெரிந்தது, மாமன் மச்சான் பதினெட்டுப் பேரின் முகமும் பெயரும் தெரிந்தன. ஒருவனுக்கும் பின்னால் பனிமலை இல்லை. கீழே ஐந்து ஆடு நின்றது. கழற்றித் தந்தால் சுருட்டி மும்பைக்கே கொண்டுபோகலாம் என்றேன். அவள் அப்பா மேற்கே வானத்தைப் பார்த்தார்.

"எம்புட்டு வேணும்னாலும் போட்டோ எடுத்துக்கங்க. கழட்டாதீங்க, ஆடு நனையும்."

ஆறாம் நாள்

கஸ்தூரி போன ஆறாம் நாள் நான் கடையைத் திறந்தேன். பதினாறு முடியட்டும் என்று அவள் அண்ணன் வருத்தப்பட்டார். தூதரகத்தில் கொடுத்த தேதி பதினாறு பார்க்காது. பாண்டீஸ்வரிக்கு ஒத்திகை பாதியில் நின்றிருந்தது.

அவள் வந்தாள். நான் அந்த நாற்காலியில் உட்காராமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். நாலாவது கேள்வியிலேயே கட்டில் வந்தது. நான் அதைத் தாண்டி அடுத்ததைத் தேடினேன். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நோட்டை அவளே வாங்கிக்கொண்டாள். அவளே வாசிப்பதாகவும், ஒரு கேள்விக்கு அவள் பதில், ஒரு கேள்விக்கு என் பதில் என்று வைத்துக்கொண்டால் கூச்சம் இருக்காது என்றும் சொன்னாள். அப்படியே போனது. கண்ணனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. கஸ்தூரிக்குப் பாகற்காய் பிடிக்கும். கண்ணன் சுவரோரம் படுப்பான். கஸ்தூரி ஃபேனுக்கு நேராகப் படுக்க மாட்டாள்.

நாற்பத்தொன்றாவது கேள்வி என் முறைக்கு வந்தது. அவள் வாசிக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். என்ன கேள்வி என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, இதே கடையில், என்றேன். இரண்டு மணிக்குள் வருவேன் என்று சொன்னதையும் சொன்னேன். அவள் நோட்டை மூடவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"சரியான பதில்ணே. நான் சாட்சி."

ஜன்னல்

இந்த முறை அதிகாரி ஒரு பெண்மணி. ஆல்பத்தைக் கேட்கவே இல்லையாம். ஆட்டுக் கொட்டகைப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு இவர்கள் எல்லாம் யார் என்று கேட்டிருக்கிறார். பாண்டீஸ்வரி, சின்ன மாமா, பெரிய மாமா, கொழுந்தன், கொழுந்தனுக்கு மச்சான் என்று வரிசையாகச் சொல்ல, மொழிபெயர்ப்பவர் பாதியில் திணறிப்போனாராம்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. மதுரை விமான நிலையத்து வாசலில், என்றாள். என்ன பேசினீர்கள்? சாப்டியா என்று கேட்டார், இல்லை என்றேன், வரிசையை விட்டு வெளியே வந்து ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அம்மா இருநூறு பக்கக் கட்டின் மேலே இருந்த தாளைப் பார்த்தார், நடுவில் ஒன்றை உருவிப் பார்த்தார், கட்டை மூடினார். பாண்டீஸ்வரி வெளியே வந்து ரோட்டில் நின்று எனக்குப் போன் செய்தபோது அண்ணே, அண்ணே என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். கெட்ட சேதி என்றுதான் நினைத்தேன்.

"பாஸ்போர்ட்டத் திருப்பித் தரலண்ணே."

மிச்சம்

பாண்டீஸ்வரி அமெரிக்கா போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் பேசினாள். அங்கே குளிர் அதிகமாம். கண்ணன் வேலை பார்க்கும் ஹோட்டலிலேயே இவளுக்கும் காய் நறுக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். இன்னும் அவன் சாப்டியா என்று மெசேஜ் போடுகிறானா என்று கேட்டேன்.

"அடுப்படியில இருந்தே போடுறாருண்ணே. நான் பத்தடி தள்ளித்தான் நிக்கிறேன்."

இப்போதும் வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். நோட்டைக் கொடுத்து அவர்களையே வாசிக்கச் சொல்கிறேன். கடையில் மூன்று மெஷின் ஓடுகிறது, ஊர்க் காகிதம் எல்லாம் அதில் ஏறி இறங்குகிறது, கஸ்தூரியின் கையெழுத்தில் இருக்கும் அந்த நோட்டுக்கு மட்டும் இன்றுவரை நகல் கிடையாது.