மானேஜருக்கு அறை இல்லை

போன வியாழக்கிழமை சாயங்காலம், கிருஷ்ணகிரியில் எங்கள் மானேஜருக்குப் படுக்க இடம் கிடைக்கவில்லை.

லாட்ஜ் நிரம்பி வழிந்தது. மாடி, கீழ்க்கட்டு, பின்கட்டு — எங்கும் ஆள். எல்லாக் கதவுக்கு வெளியேயும் செருப்பு. எல்லாக் கட்டிலுக்கு அடியிலும் ஒரு தோல் பை.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்த லாட்ஜில் மாதக்கணக்காக ஈ, காக்கை தங்கியதில்லை. அதுதான் அதிசயம்.

முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. சட்டைப் பொத்தானைக்கூட மேலிருந்து கீழாகத்தான் போடுவேன்.

நான் ஒரு பம்ப்செட் கம்பெனியின் ரெப்ரசென்டேட்டிவ். ஆபீஸ் பெங்களூரில். என் எல்லை ஓசூரில் ஆரம்பித்து, கிருஷ்ணகிரி, பாரூர் வழியாகச் சாமல்பட்டி ரயில்வே ஸ்டேஷனில் முடிகிறது. மாதத்தில் பாதி நாள் பஸ்ஸில் போவேன். மீதிப் பாதி பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். ராத்தங்கல் எப்போதும் கிருஷ்ணகிரியில் காதர் பாயின் லாட்ஜ்தான். தலையணை உறை வெள்ளையாக இருக்கும். வெந்நீர் கேட்டால் வெந்நீரே வரும். வேறென்ன வேண்டும்?

கொரியாச் சண்டையின்போது ஏறிய விலையெல்லாம் இப்போது இறங்கிவிட்டது. புளி, கடலை, தோல்... எதைத் தொட்டாலும் வியாபாரிகள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கம்பெனிகள் சிக்கனம் பிடிக்க ஆரம்பித்தன. சிக்கனம் என்று வந்தால் முதலில் எதில் கை வைப்பார்கள்? மானேஜர் அறை மின்விசிறியிலா? ஊர் ஊராகச் சுற்றுகிறவன் பஸ் சார்ஜில்தான்!

"ஆர்டர் இல்லாத ஊருக்கு ஆள் எதற்கு? தபால் போட்டால் போதாதா?" என்றார் எங்கள் மானேஜர். ராவ் என்று பெயர். நல்ல மனிதர்; ஆனால் தபாலில் அபார நம்பிக்கை. டூர் எல்லாம் நின்றது. நான் பெங்களூரில் ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, 'அன்புடையீர்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அங்கே பாய்க்கு அதைவிட மோசம். சோப்பு ஏஜென்ட் வருவதில்லை. மருந்துக் கம்பெனிக்காரர் வருவதில்லை. பிஸ்கட்காரர், சைக்கிள்காரர் யாரும் இல்லை. காலியாகக் கிடக்கும் அறைகளைப் பார்த்துவிட்டு ஒரு புளி மண்டிக்காரர், கட்டடத்தையே கிடங்காகக் கேட்டுவிட்டார். மாத முடிவுக்குள் 'ஆகும், ஆகாது' சொல்லவேண்டும். பாயின் தகப்பனார் கட்டிய லாட்ஜ் அது. வெள்ளை உறை போட்ட கட்டில் இருந்த இடத்தில் புளி மூட்டையா?

கிருஷ்ணகிரி, ஓசூர் லாட்ஜ்காரர்கள் எல்லாரும் கூடினார்கள். தீர்மானம் போட்டார்கள், நோட்டீஸ் அச்சடித்தார்கள். 'வியாபாரம் மந்தமாக இருக்கும்போதுதான் வியாபாரி பயணம் செய்யவேண்டும். கடிதம் பேசாது, ஆள்தான் பேசுவான். உங்கள் பிரதிநிதிகளை அனுப்புங்கள்!' அருமையான வாசகம். அதை எல்லாக் கம்பெனிகளுக்கும் அனுப்பி வைத்தார்கள்.

எப்படி அனுப்பினார்கள்? தபாலில்!

அந்த நோட்டீஸ் எங்கள் ஆபீஸுக்கும் வந்தது. மானேஜர் அதைப் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்தார். அதன் கதை அத்துடன் முடிந்தது.

அதற்கப்புறம்தான் பாய்க்குப் புத்தி வந்தது. ஒருநாள் காலை நேரே பெங்களூர் ஆபீஸுக்கே வந்து நின்றார். கையில் ஒரு கூடை மாம்பழம்.

"ஸார், ஒரே ஒரு நாள் வந்து பாருங்க. மத்த கம்பெனிக்காரங்க வந்துக்கிட்டுதான் இருக்காங்க. நீங்கதான் வரல. அப்புறம் உங்க எடத்துல வேற யாராச்சும் உட்காந்துட்டா என்னைச் சொல்லக் கூடாது."

மானேஜர் மாம்பழத்தை முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி, வர்றேன். அங்க வியாபாரம் நடக்குதுன்னு கண்ணால பாத்தா, டூர் மறுபடி ஆரம்பிக்கலாம். இல்லாட்டி டூர் செக்‌ஷனையே மூடிடலாம்." என் பக்கம் திரும்பி, "மூடினா, உங்களுக்கு இங்க மேஜையும் இருக்காது. தெரியும்தானே?" என்றார்.

தெரியும் என்றேன். வேறென்ன சொல்ல?

வியாழக்கிழமை பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்தோம். ஓசூரில் காபி. கிருஷ்ணகிரி மலை கண்ணில் பட்டபோது சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒருமுறை எண்ணிக்கொண்டேன். வெறிச்சோடிய லாட்ஜை மானேஜர் பார்க்கப் போகிறாரே!

ஆனால் நான் கண்டதைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். எங்கும் ஆள். எங்கும் பை. பாய் முகத்தில் பிறை கண்ட சந்தோஷம்.

"பாத்தீங்களா ஸார்? ஹவுஸ் ஃபுல்!"

"சந்தோஷம். என் ரூம் எது?" என்றார் மானேஜர்.

பாயின் முகம் மாறியது. அதை நான் இந்த ஜன்மத்தில் மறக்கமாட்டேன். எல்லா அறைகளையும் நிரப்பியவர், யாருக்காக நிரப்பினாரோ அவருக்கு ஓர் அறை ஒதுக்க மறந்துவிட்டார்.

நான் பாயைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"யார் பாய் இவங்க எல்லாம்?"

"சத்தம் போடாதீங்க. என் மச்சினன், மச்சினனோட பங்காளிங்க, மத்திகிரிப் பால்காரங்க ரெண்டு பேரு, பாரூர் முனியப்பன்... எல்லாம் நம்ம ஆளுங்கதான். ஆளுக்கொரு கம்பெனி சொல்லிக் குடுத்திருக்கேன்."

"பை?"

"ஊர்ல இருக்கற பை எல்லாம் இங்கதான் இருக்கு."

பொய் என்றால் எனக்கு ஒவ்வாது. அதிலும் ஒழுங்கில்லாத பொய் அறவே ஒவ்வாது. ஆனால் இனி என்ன செய்வது? இருந்த அறைகளில் பெரியது முனியப்பனுக்குக் கொடுத்தது. அதில் இன்னொரு கட்டில் போட்டு மானேஜரைப் படுக்கவைப்பது என்று முடிவாயிற்று. எனக்கு வாசல் பெஞ்சு.

முனியப்பன் பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்திருப்பவர். பாய் வீட்டுக்கு வருஷா வருஷம் நெல் போடுகிறவர். நல்ல உயரம், முரட்டு மீசை, தோளில் புதுத் துண்டு. பாய் அவருக்குக் கொடுத்த கம்பெனி — சோப்பு.

மானேஜர் கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். நான் அவர் பெட்டியை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"நீங்க என்ன லைன்?"

"சோப்புங்க."

"என்ன சோப்பு?"

முனியப்பன் கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்லா நொரைக்கிற சோப்புங்க," என்றார்.

"எந்த ஊர் ஃபாக்டரி?"

"பாரூருங்க."

"பாரூர்ல சோப்பு ஃபாக்டரியா! ஏன்ரீ, நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே?" என்று மானேஜர் கன்னட 'ரீ' போட்டு என்னிடம் திரும்பினார். எனக்கு இருமல் வந்துவிட்டது.

"நீங்க என்னாங்க விக்கறீங்க?" என்று கேட்டார் முனியப்பன், பேச்சை மாற்றுவதற்காக.

"பம்ப்செட். ஆயில் எஞ்சின்."

அவ்வளவுதான். சோப்பு கரைந்து போயிற்று. முனியப்பன் கட்டிலைவிட்டு எழுந்தே விட்டார்.

"எஞ்சினா! ஐயா, எனுக்கு ஒரு சந்தேகம். வாய்க்கா கீழ ஓடுது. என் மேட்டு வயலு இந்த ஒசரத்துல இருக்குது. ஏத்துமா, ஏத்தாதா? ஒரு கம்பெனிக்குக் காயிதம் போட்டேன். கலர் கலரா படம் அனுப்பியிருக்கறாங்க. படத்த வயலு மேல விரிச்சா தண்ணி ஏறுமா?"

"சோப்புக் கம்பெனிக்கு மேட்டு வயல் எதுக்கு?" என்றார் மானேஜர்.

முனியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அது... தம்பி வயலுங்க," என்றார். அப்புறம் விளக்கணைக்கும்வரை தம்பி வயலைப் பற்றித்தான் பேச்சு.

மறுநாள் விடியும் முன்பே குட்டு உடைந்தது.

ரெப்ரசென்டேட்டிவ் என்கிற ஜாதி எப்போது எழுந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காபி வந்த பிறகு எழுந்திருக்கும். ஆனால் அன்று கோழி கூவும் முன்பே லாட்ஜ் முழுக்க விழித்துக்கொண்டது. பின்கட்டில் வரிசையாகக் குந்தி எல்லாரும் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். மானேஜர் துண்டும் கையுமாக வந்து நின்று, அந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். அப்போது பார்த்து மருந்துக் கம்பெனி ஏஜென்ட்... அதாவது மத்திகிரிப் பால்காரர் ஒருவர் உரக்கக் கேட்டார்:

"பாய், இன்னிக்கும் இருக்கணுமா? வூட்டுல மாடு கறக்காம கத்திக்கிட்டிருக்கும்!"

எல்லா வேப்பங்குச்சிகளும் அப்படியே நின்றன.

டூர் செக்‌ஷன் போயிற்று, என் மேஜை போயிற்று, லாட்ஜும் போயிற்று என்று எனக்குள் வரிசையாகக் கணக்குத் தீர்த்துக்கொண்டேன்.

"காதர் பாய்!" என்றார் மானேஜர். குரலில் சூடு. "இதைக் காட்டவா என்னைக் கூப்பிட்டீங்க? ஒரு ஆளாவது கம்பெனி ஆள் உண்டா இதில?"

பாய் தலை குனிந்தார். ஆனால் வாய் குனியவில்லை.

"ஸார், ரூமு ரொம்பினது பொய்தான். மன்னிச்சுக்குங்க. ஆனா வந்த ஆளுங்க நெசம். உழவனும் பால்காரனும்தானே உங்க எஞ்சின வாங்கணும்? ஏஜென்ட்டா வாங்கப் போறாரு?"

முனியப்பன் வாயைக் கொப்பளித்துவிட்டு முன்னால் வந்தார். "சோப்பு பொய்ங்கய்யா. மேட்டு வயலு நெசம். தம்பி வயலு இல்ல, என்துதான். பாரூரு பஸ்ஸு இப்ப வந்துரும். வந்து ஒசரத்தப் பாத்து, ஏத்தும்னா ஏத்தும்னு சொல்லுங்க. ஏத்தாதுன்னா அதையாச்சும் சொல்லிட்டுப் போங்க. அதச் சொல்லறதுக்குக்கூட ஒரு ஆளு வரலியே இதுவரைக்கும்!"

மானேஜர் துண்டைத் தோளில் போட்டார். முகத்தைக் கழுவினார். வெந்நீர் வந்தது; தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "பஸ் எத்தனை மணிக்கு?"

போனோம். மானேஜர், முனியப்பன், பாய், நான். வாய்க்கால் வரப்பில் மானேஜர் ஒரு முறை வழுக்கினார். சேற்றில் ஒரு ஷூவை விட்டு மீட்டார். மேட்டு வயலை மேலிருந்து பார்த்தார், கீழிருந்து பார்த்தார், என் டேப்பை வாங்கி அளந்தார். "ஏத்தும்," என்றார். அதற்குள் பக்கத்து வயல்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"வெல?" என்றார் முனியப்பன்.

மானேஜர் வாயைத் திறந்தார். பாய் பதறிப்போய்த் தடுத்தார். "வாயால சொல்லாதீங்க ஸார்! இத்தனை பேரு முன்னால வெலையச் சொன்னா, அவரு பேரத்த எப்படிப் பேசறது?"

முனியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்துக் கையை மூடிக்கொண்டு நீட்டினார். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் பார்த்திருப்பீர்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள்; சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எந்த விரலுக்கு என்ன மதிப்பு என்பதை பாய் மானேஜரின் காதில் ஓதினார்.

மானேஜர் துண்டுக்குள் கையை விட்டார். முனியப்பன் தலையை ஆட்டினார். மானேஜர் உதட்டைக் கடித்தார். முனியப்பன் சிரித்தார். மானேஜரும் சிரித்தார். துண்டு துள்ளியது, நெளிந்தது, அடங்கியது. சுற்றி நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். கடைசியில் இருவரும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

விலை என்ன? எனக்குத் தெரியாது ஐயா! எதையும் சரியாகத் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராத என் கண் முன்னாலேயே ஒரு பேரம் முடிந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அந்த எஞ்சின் ஓடறதப் பாத்துட்டு, நானும் துண்டு போடறேன்," என்றார் பக்கத்து வயல்காரர்.

திரும்பும் பஸ்ஸில் மானேஜர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஷூவிலிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டு வந்தார். கிருஷ்ணகிரி நெருங்கும்போது பாய் மெதுவாகக் கேட்டார்:

"ஸார்... புளி மண்டிக்காரருக்கு என்ன சொல்லட்டும்?"

மானேஜர் குச்சியை வெளியே எறிந்தார்.

"புளியை வேற எங்கயாவது வைக்கச் சொல்லுங்க. எங்க ஆள் மாசாமாசம் வருவார்." பிறகு தன் விரல்களைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இதை எந்தத் தபால்ல அனுப்பறது?"

நான் யோசித்துப் பார்த்தேன். வியாபாரம் செழிப்பாக இருக்கும்போது கடிதம் போதும். வாங்குகிறவன் தானே ஓடி வருவான். மந்த காலத்தில்தான் அவன் தயங்குகிறான். தயங்குகிறவனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டியிருக்கிறது. லாட்ஜ்காரர்கள் நோட்டீஸில் எழுதியது முழு உண்மை. தபாலில் வந்ததால்தான் நாங்கள் நம்பவில்லை!

அன்று மாலை ஏஜென்ட்கள் எல்லாரும் மாடு கறக்கப் போய்விட்டதால் மானேஜருக்கு மாடியில் நல்ல அறை கிடைத்தது. தலையணை உறை வெள்ளை என்று தாமாகவே சொன்னார்.

அடுத்த மாதமும் அவரே வரப்போகிறாராம், எஞ்சின் ஓடுவதைப் பார்க்க. பாயிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். கடிதம் போடவில்லை, நேரில் போய்த்தான் சொன்னேன்:

ஓர் அறையாவது காலியாக இருக்கட்டும்!